கம்போடியால ஊழியம் பண்ற ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கு போயிட்டு வந்தேன் (பெரிய பதிவு, பொறுமையா படிங்க)

பெரம்பூர்_டீச்சர்

இங்க அப்பப்போ யாராவது "ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தையே வர மாட்டேங்குது, சர்ச்சுக்கு போறேன் வரேன் அவ்ளோதான்"னு எழுதறாங்க, உடனே கீழ வரிசையா வசனம் போடறாங்க. வசனம் போடறத நான் தப்பு சொல்லல. ஆனா அந்த நிலைமைல இருக்கறவங்களுக்கு வசனம் தெரியாம இல்ல. எனக்கும் தெரியும், சண்டே ஸ்கூல்ல பசங்களுக்கு மனப்பாடம் பண்ண வெக்கறதே நான்தான். அதனால எனக்கு நடந்தத அப்படியே எழுதறேன், யாருக்காவது பிரயோஜனமா இருக்கட்டும்.

2021 மே மாசம் என் தம்பி போயிட்டான். கொரோனா செகண்ட் வேவ். ஆக்ஸிஜன் பெட் தேடி ராத்திரி பூரா ஆம்புலன்ஸ்ல சுத்துனத இங்க விவரமா சொல்ல போறதில்ல, அந்த மாசம் சென்னைல எத்தன வீட்ல இதே கதைன்னு உங்களுக்கே தெரியும். பிளாஸ்டிக்ல சுத்தி குடுத்தாங்க, முகத்த சரியா பாக்க கூட விடல. அதுக்கப்புறம் எனக்கு ஜெபம் நின்னு போச்சு. கர்த்தர் இல்லன்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல, அவர் மேல கோவம்னு கூட சொல்ல முடியாது, பேசறதுக்கு ஒண்ணுமே இல்லாம போயிடுச்சு, அவ்ளோதான். வாரா வாரம் சர்ச்சுக்கு போனேன், காணிக்கை போட்டேன், பாட்டு பாடினேன், வீட்டுக்கு வந்தேன்.

கம்போடியால இருக்கற அண்ணாவும் அக்காவும் எங்க சர்ச் யூத்ல ஒண்ணா இருந்தவங்க. அக்கா வேலூர்ல நர்ஸிங் படிச்சவங்க, அண்ணா பேங்க் வேலைய விட்டுட்டு போனவர். "ஒரு தடவ வந்துட்டு போ"ன்னு ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருந்தாங்க, ஒரு காலாண்டு லீவுல கெளம்பிட்டேன். அவங்க இருக்கறது தாகேவ் மாகாணம், புனோம் பென்ல இருந்து தெக்க 80 கிலோமீட்டர் கிட்ட. அது அங்க மழைக்காலம், வயல் எது ஏரி எதுன்னே தெரியாத அளவுக்கு தண்ணி. பக்கத்துல அங்கோர் போரேய்னு ஒரு ஊர், அதுக்கு படகுல கூட்டிட்டு போனாங்க. அவங்க மொழியான கெமர்ல தேதி போட்டு கெடச்ச ரொம்ப பழைய கல்வெட்டு, கி.பி. 611, அந்த ஊர்ல கெடச்சதுதான், அந்த எழுத்தே நம்ம பல்லவர் எழுத்துல இருந்து வந்தது. வருஷா வருஷம் பசங்கள மகாபலிபுரம் டூர் கூட்டிட்டு போற எனக்கு அங்க நின்னப்போ மேலெல்லாம் சிலிர்த்து போச்சு.

சரி விஷயத்துக்கு வரேன். நான் போனது ப்சும் பென் நேரம். தேய்பிறைல ஆரம்பிச்சு அமாவாசைல முடியற பதினஞ்சு நாள், நம்ம ஊர்ல மகாளய பட்சம் வர்ற அதே நாளுங்க. செத்து போனவங்க பசியோட வந்து நிப்பாங்கன்னு நம்பி, விடியறதுக்கு முன்னாடி இருட்டுலயே புத்தர் கோயிலுக்கு போய் சோத்து உருண்டை போடுவாங்க. கடைசி நாளுங்கள்ல நாடே லீவு, எல்லாரும் சொந்த ஊருக்கு போயிடுவாங்க. அந்த ஜனங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியணும்னா அவங்க சரித்திரம் தெரியணும். 1975 ஏப்ரல் 17ல இருந்து 1979 ஜனவரி 7 வரைக்கும் கெமர் ரூஜ்ங்கற கம்யூனிஸ்ட் இயக்கத்தோட ஆட்சி. முழுசா நாலு வருஷம் கூட கெடையாது. அதுக்குள்ள 15ல இருந்து 20 லட்சம் பேர் செத்தாங்க, அப்போ மொத்த ஜனத்தொகையே 80 லட்சம் கிட்டதான். பட்டினி, நோய், கொலை. யாரு எங்க விழுந்தாங்கன்னு தெரியாது. கல்லறை கெடையாது, ஒரு போட்டோ கூட கெடையாது. தம்பி முகத்த பாக்காம அனுப்பி வெச்ச நான் அந்த மாதிரி ஒரு ஊருக்கு அந்த மாதிரி ஒரு நேரத்துல போய் சேந்தேன்.

சபைன்ன உடனே பெருசா நெனச்சுக்காதீங்க. தூண் மேல நிக்கற மர வீடு, கீழ திறந்த எடம், அதுல பாய் விரிச்சு உக்காருவாங்க. அந்த ஞாயித்துக்கெழம வந்தவங்க பதினஞ்சு பேர் கூட இருக்க மாட்டாங்க, அதுலயும் ரெண்டு பேர் சுகர் புண்ணுக்கு அக்கா கிட்ட கட்டு மாத்த வந்தவங்க, அப்படியே உக்காந்துட்டாங்க. இத்தன வருஷ ஊழியத்துக்கு இவ்ளோ பேர்தானான்னு என் மூஞ்சிலயே தெரிஞ்சுதோ என்னவோ, அண்ணா தானாவே சொன்னார், "நாங்க வந்து மூணாவது வருஷம் பெட்டி கட்டிட்டோம்மா, போகாம நிறுத்துனது அதோ அவங்கதான்"னு ஒரு பாட்டிய காட்டினார். அங்க பாட்டிங்கள யாய்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படியே சொல்றேன்.

யாய்க்கு 75 வயசு கிட்ட இருக்கும். கெமர் ரூஜ் தலைவன் பொல் பொட் காலத்துல புருஷன், ரெண்டு புள்ளைங்க, அம்மா, தங்கச்சி எல்லாரையும் இழந்தவங்க. 1979ல தாய்லாந்து எல்லைக்கு நடந்தே போய் காவ் ஈ டாங் அகதி முகாம்ல இருந்தப்போ இயேசுவ பத்தி கேள்விப்பட்டு விசுவாசத்துக்கு வந்தவங்க. அதாவது அண்ணா அக்கா அங்க போறதுக்கு எவ்ளோ வருஷம் முன்னாடியே.

அன்னிக்கு ஆராதனைல யாய் கேட்டு 88ம் சங்கீதம் வாசிச்சாங்க. எடுத்து பாருங்க, மத்த சங்கீதங்க பெரும்பாலும் புலம்பலா ஆரம்பிச்சாலும் கடைசில ஸ்தோத்திரம்னு எங்கயாவது திரும்பும், இது திரும்பவே திரும்பாது, கடைசி வரைக்கும் ஆறுதலா ஒரு வார்த்தை கெடையாது. வருஷா வருஷம் ப்சும் பென் அப்போ அத வாசிக்க சொல்வாங்களாம். வாசிச்சு முடிச்ச உடனே யாய் அவங்க வீட்டாளுங்க பேர ஒண்ணொண்ணா சொன்னாங்க. அப்புறம் மத்தவங்க அவங்கவங்க ஆளுங்க பேர சொன்னாங்க. யாரும் பிரசங்கம் பண்ணல. "கவலப்படாதீங்க, கர்த்தர் நல்லவர்"னு யாரும் குறுக்க வரல. எங்க சர்ச்ல தம்பிக்கு நடந்த நினைவு கூட்டத்துல ஆளாளுக்கு எனக்கு ஆறுதல் சொன்னாங்களே, அப்போ எனக்கு தேவப்பட்டது இதுதான்னு அங்க உக்காந்திருக்கும்போது புரிஞ்சுது.

மத்தியானம் யாய் படில உக்காந்து தாமரை காயில இருந்து விதைய எடுத்து உரிச்சுட்டு இருந்தாங்க. பச்ச தோல நகத்தால கிள்ளி, பருப்ப ரெண்டா பிட்டு, நடுவுல இருக்கற பச்சை முளைய ஊசி மாதிரி ஒரு குச்சியால தள்ளி எறிவாங்க, அது கசக்குமாம், அப்புறம் பருப்ப என் உள்ளங்கைல வெப்பாங்க. நான் சாப்பிட சாப்பிட அடுத்தது வரும். அக்கா மொழிபெயர்த்து சொன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க யாய கேப்பாங்களாம், நீ கோயிலுக்கு வந்து சோறு வெக்கலன்னா உன் புள்ளைங்க பசியோட திரும்பி போவாங்களேன்னு. யாய் சொன்னாங்க, "அந்த நெனப்புல நான் தூங்காத வருஷங்க உண்டு, பசியில செத்த புள்ளைங்க அதுங்க. இப்போ அதுங்க யார்கிட்ட இருக்குன்னு தெரியும், அவர் சாப்பாடு போடுவார், நானும் சீக்கிரம் போய் சேந்துடுவேன்." அத சொல்லும்போது குரல் ஒடையல, அடுத்த விதைய உரிச்சுட்டே சொன்னாங்க.

அப்புறம் என்ன பாத்து உன் ஆளு பேர் என்னன்னு கேட்டாங்க. நான் என் தம்பி விஷயத்த அவங்ககிட்ட சொல்லவே இல்ல, அக்காவும் சொல்லலியாம். தம்பி பேர சொன்னேன். அவங்க வாய்க்கு அது சரியா வரல, வர்ற வரைக்கும் சொல்லி பாத்தாங்க. புதன்கெழம ஜெபத்துல அவங்க வீட்டாளுங்க பேரோட சேத்து என் தம்பி பேரயும் சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு திரும்ப ஜெபம் வந்துது. பெருசா எதுவும் கேக்கல, அவன் பேர சொன்னேன், மீதி அழுகைதான். அவன் ஏன் போனான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது. ஆனா உயிர்த்தெழுதல்ல அவன மறுபடி பாப்பேன்னு சின்ன வயசுல இருந்து வாயால சொல்லிட்டு வந்தேனே, அத இப்போ நம்பறேன். அத மட்டுமே நம்பி 40 வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கற ஒருத்தங்க பக்கத்துல உக்காந்துட்டு வந்திருக்கேன்.

வேப்பேரி_பெரியம்மா

கண்ணு, படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியல. என் வீட்டுக்காரர் போய் ரெண்டு கிறிஸ்மஸ் ஆச்சு. 88ம் சங்கீதத்த நானும் எடுத்து வாசிச்சேன்.

பதினஞ்சு பேர்தானான்னு எழுதியிருந்தியே, அதுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க வேப்பேரில ஊழியம் பண்ண ஃபாப்ரிசியஸ் ஐயர் ஜெர்மனில இருந்து வந்து 1742ல மெட்ராஸுக்கு பொறுப்பெடுத்தவர். ஃப்ரெஞ்சுக்காரங்க பட்டணத்த பிடிச்சப்போ பழவேற்காட்டுக்கு ஓட வேண்டி வந்துது. 1761ல பாண்டிச்சேரில இருந்து இங்கிலீஷ்காரங்க கொண்டுவந்த அச்சு இயந்திரத்த வேப்பேரி மிஷனுக்கு குடுத்தாங்க, அதுல வேலைய ஆரம்பிச்சார். வேதாகமத்த தமிழ்ல கொண்டு வந்தார், அகராதி போட்டார், 1779ல வந்தது அது, இன்னிக்கும் ஆராய்ச்சி பண்றவங்க அத புரட்டறாங்க. ஆனா அவர் கடைசி காலம் எப்படி தெரியுமா? பண விஷயத்துல மாட்டி கடன்காரங்களால ஜெயிலுக்கு போனார். 1791ல இங்கயே செத்தார். அவர் காலத்துல யாராவது வந்து பாத்திருந்தா இந்த ஊழியம் தோத்து போச்சுன்னுதான் எழுதி வெச்சிருப்பாங்க. அவர் தமிழ்ல ஆக்கி குடுத்த ஞானப்பாட்டுங்கள லுத்தரன் சபைல இன்னும் பாடிட்டுதான் இருக்கோம். உன் அண்ணா அக்காகிட்ட இத சொல்லு.

கே.கே.நகர்வாசி

சிஸ்டர், உங்க தம்பிக்காக வருத்தப்படறேன், நானும் அந்த அலைல மாமனார இழந்தவன். ஆனா மனசுல பட்டத கேட்டுடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்போ நிறைய சர்ச்ல மிஷன் ட்ரிப்னு குரூப் குரூப்பா வெளிநாடு போறாங்க, ஃப்ளைட், ஹோட்டல், டிரஸ், ஃபோட்டோ, திரும்பி வந்து ஒரு சாட்சி. அந்த டிக்கெட் காச அந்த மிஷனரிங்களுக்கே அனுப்பிட்டா அவங்க ஒரு வருஷ வாடகைக்கு ஆகுமே? ஆவிக்குரிய நம்பிக்கைய இங்க வியாசர்பாடில தேடக்கூடாதா?

பெரம்பூர்_டீச்சர்

பிரதர், கேக்க வேண்டிய கேள்விதான். டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி இதையே நான் அக்காகிட்ட கேட்டேன். அவங்க சொன்னது, "காசு எப்படியோ வந்துடுது, ஆள்தான் வர மாட்டேங்கறாங்க, எங்கள மிஷனரியா பாக்காம பழைய ஃப்ரெண்டா பாக்க யாராவது வீட்டுக்கு வந்து எவ்ளோ வருஷம் ஆச்சு தெரியுமா." நான் ஹோட்டல்ல தங்கல, அவங்க வீட்லதான், அவங்க பொண்ணு கூட ஒரே கொசு வலைக்குள்ள. சாயங்காலம் அக்கா கூட சமையல், முருங்கைக்கீரை அங்க சந்தையிலயே கெடைக்குது, அங்க அத சூப்ல போடுவாங்க. கடைசியா எப்போ தமிழ்ல வாய் விட்டு சண்ட போட்டு சிரிச்சு பேசுனோம்னு யோசிச்சு அக்கா கண்ண தொடச்சுக்கிட்டாங்க. அந்த தேவை மணி ஆர்டர்ல தீராது பிரதர். குரூப் ட்ரிப் பத்தி நீங்க சொல்றதுல எனக்கு முழு சம்மதம். வியாசர்பாடிலயும் கெடைக்கும், நிச்சயமா கெடைக்கும். எனக்கு அங்க கெடச்சுது.

நெல்லை_டு_அம்பத்தூர்

காசா ஆளான்னு ரெண்ட பிரிக்கவே வேண்டாம்னு நெனக்கேன். மிசோரம் சபைங்கள்ல என்ன பண்ணுவாங்கன்னா வீட்ல ஒவ்வொரு தடவ உலை வெக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசிய தனியா எடுத்து வெச்சு சபைக்கு குடுப்பாங்க, அத வித்து வர்ற காசுல மிஷனரிங்கள அனுப்புவாங்க, 1910ல இருந்து நடக்குது. நம்ம பக்கத்துலயும் 1903லயே திருநெல்வேலில இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்சு, அப்புறம் பிஷப்பான அசரியா ஐயா மாதிரி ஆளுங்க முன்ன நின்னு, தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்புனாங்க. தெலுங்கு தெரியாத நம்ம தாமிரபரணி ஆளுங்க தெலுங்கு ஊருக்கு போனாங்கல்லா. எங்க தாத்தா காலத்துல ஃபீல்டுல இருந்து கடுதாசி வந்தா சபைல எந்திரிச்சு நின்னு வாசிப்பாங்களாம். இப்போ வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வருது, யாரும் தொறக்கதில்ல. டீச்சர் மாதிரி நேர்ல போற ஆளு ஒருத்தர் இருந்தா மொத்த சபையும் கண்ண தொறக்கும்.

மயிலாப்பூர்_மாமா

நான் கிறிஸ்தவன் இல்ல. என் ஆபீஸ் நண்பர் இந்த பதிவ அனுப்பினார். மகாளய பட்சத்த பத்தி எழுதியிருந்தீங்க, அதனால எழுதறேன். வருஷா வருஷம் என் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணியும் விடறேன், பிண்டம் வெக்கறேன். அந்த அம்மாள படிக்கும்போது எனக்கு கண் கலங்கித்து, அதே நேரம் மனசு சங்கடமாவும் இருந்துது. அந்த ஊர்ல ஆயிரம் வருஷத்துக்கு மேலா பித்ருக்களுக்கு சோறு வெக்கற வழக்கம், அவ்ளோ பெரிய நாசத்துக்கு அப்புறமும் அந்த ஜனங்க விடாம பிடிச்சுண்டிருக்கற ஒரே கயிறு அது. அங்க போய் ஒரு சாரார அதுலேர்ந்து பிரிக்கறது நியாயமா? சண்டைக்கு கேக்கல, நிஜமாவே கேக்கறேன்.

பெரம்பூர்_டீச்சர்

சார், நீங்க வந்து படிச்சதே எனக்கு பெரிய சந்தோஷம். நேரடியாவே பதில் சொல்றேன். அங்க வீடு வீடா போய் மத பிரசாரம் பண்ண கவர்மென்ட்டே அனுமதிக்கறதில்ல, அண்ணா அக்கா அந்த சட்டத்த மீற மாட்டாங்க. அக்கா கட்டு போடறாங்க, அண்ணா பசங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லி தராரு, கிறிஸ்தவங்கன்னு எல்லாருக்கும் தெரியும், கேட்டா சொல்வாங்க, கேக்கலன்னா கட்டு மட்டும்தான். காசு, அரிசி, வேலைன்னு ஆச காட்டி சேக்கறத நானும் எதிர்க்கறேன், அப்படி யார் பண்ணாலும் அது பாவம்னே சொல்வேன்.

யாய் விஷயத்துல, அவங்கள யாரும் பிரிக்கல சார். அமாவாசை அன்னிக்கு பக்கத்து வீட்டம்மா கோயில்ல இருந்து வந்து யாய்க்கு வாழ இலைல சுத்துன ஒட்டரிசி கொழுக்கட்ட குடுத்தாங்க, யாய் அவங்களுக்கு மீன் குழம்பும் அரிசி நூடுல்ஸும் குடுத்தாங்க, நம்ம இடியாப்பம் மாதிரி பிழிஞ்சு செய்யறது. ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல புள்ளைங்கள பறி குடுத்தவங்க. நீங்க உங்க அப்பாவுக்கு தண்ணி விடும்போது மனசுல என்ன இருக்கோ அதுதான் யாய் பேர் சொல்லும்போதும் இருக்குன்னு நான் நம்பறேன். அந்த செத்தவங்க எங்க இருக்காங்க, யார் பாத்துக்கறாங்கங்கறதுல நம்ம நம்பிக்கை வேற வேற. அத நான் மறைச்சு பேசினா உங்களுக்கு மரியாத குடுத்த மாதிரி ஆகாது.

மயிலாப்பூர்_மாமா

மறைக்காம சொன்னேளே, அதுக்கு நன்றி மா. எனக்கு முழுசா ஒத்துக்க முடியல, ஆனா பதில் நேர்மையா இருக்கு. அடுத்த மகாளயத்துல அந்த அம்மா ஞாபகம் வரும்.

மிஷனரி_மகள்

என் அப்பா அம்மா வடக்க ஒரு மலை கிராமத்துல 20 வருஷத்துக்கு மேல ஊழியம் பண்ணாங்க. நான் ஹாஸ்டல்ல வளந்தேன். அப்பா அம்மாவ கோடை லீவுக்கும் கிறிஸ்மஸுக்கும்தான் பாப்பேன், சில வருஷம் கிறிஸ்மஸுக்கும் இல்ல. மிஷனரிங்க வாழ்க்கைய எல்லாரும் தியாகம் தியாகம்னு பேசுவாங்க, அந்த தியாகத்துல பாதி புள்ளைங்க தலையிலதான் விழுது, இத யாரும் மேடைல சொல்றதில்ல.

வந்து போற விருந்தாளிங்கள பத்தி சொல்றேன். எங்க வீட்டுக்கு வந்தவங்கள்ல ரெண்டு வகை இருப்பாங்க. சிலர் வந்த உடனே எத்தன ஞானஸ்நானம், எத்தன சபைன்னு கேப்பாங்க, அன்னிக்கு ராத்திரி அப்பா சாப்பிட மாட்டார். இன்னும் சிலர் அம்மா கூட அடுப்படில உக்காந்து வெங்காயம் உரிப்பாங்க. ஒரு ஆன்ட்டி வந்து என் தலைக்கு எண்ண தடவி பின்னி விட்டாங்க, அந்த கைய இப்பவும் ஞாபகம் இருக்கு. டீச்சர் அக்கா, "மூணாவது வருஷம் பெட்டி கட்டிட்டோம்"னு உங்க அண்ணா உங்ககிட்ட சொன்னார் பாருங்க, அத அவர் அனுப்பற ஜெப கடிதத்துல எழுத முடியாது. ஃப்ரெண்டுகிட்டதான் சொல்ல முடியும். அதுக்காகவாவது போகணும்.

தாம்பரம்_தம்பி

நான் வேலை விஷயமா புனோம் பென் போனப்போ துவோல் ஸ்லெங் போனேன். அது முன்னாடி ஒரு ஹை ஸ்கூல், கெமர் ரூஜ்காரங்க அத எஸ்-21ன்னு சித்திரவத ஜெயிலா மாத்துனாங்க. க்ளாஸ் ரூம செங்கல் வெச்சு சின்ன சின்ன அறையா தடுத்திருக்காங்க, மாடி வராண்டால முள்கம்பி, கைதிங்க குதிச்சு செத்துட கூடாதுன்னு. சுவர் பூரா கைதிங்க ஃபோட்டோ, நம்பர் போட்டு. குழந்தைங்க ஃபோட்டோ கூட. 12,000 பேருக்கு மேல உள்ள போனாங்க, உயிரோட வந்தவங்கள விரல் விட்டு எண்ணலாம்.

எனக்கு தூக்கம் போனது அதுக்கப்புறம் படிச்ச விஷயத்துல. அந்த ஜெயில நடத்தின டூச், கணக்கு வாத்தியாரா இருந்தவன், பேர மாத்திட்டு ஒளிஞ்சு வாழ்ந்து 1990கள்ல கிறிஸ்தவனா மாறி ஞானஸ்நானம் எடுத்திருக்கான். இத படிச்சதுல இருந்து எனக்கு சர்ச்ல மன்னிப்ப பத்தி பிரசங்கம் கேட்டா எரிச்சல் வருது. யாயோட புள்ளைங்கள கொன்ன ஆட்சில கை நனைச்சவனும் அதே பரலோகத்துக்கா? அக்கா, நீங்க இத அங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா?

பெரம்பூர்_டீச்சர்

கேட்டேன் தம்பி. அண்ணாகிட்ட கேட்டேன். யாய்கிட்ட கேக்க எனக்கு மனசு வரல.

அண்ணா சொன்னத சொல்றேன், இதெல்லாம் பேப்பர்ல வந்த விஷயம்தான். அவனுக்கு ஞானஸ்நானம் குடுத்த பாஸ்டர் கிறிஸ்டோபர் லாப்பெல், அவரும் கம்போடியாக்காரர்தான், கெமர் ரூஜ் காலத்துல அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்கன்னு பறி குடுத்தவர். தண்ணில இறக்கும்போது எதுக்க நிக்கறது யாருன்னு அவருக்கு தெரியாது. 1999ல ஒரு ஃபோட்டோகிராஃபர் டூச்ச அடையாளம் கண்டுபிடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சப்புறமும் மன்னிச்சேன்னு சொன்னார், ஜெயிலுக்கு போய் பாத்தார். 2010ல கோர்ட் 35 வருஷம் குடுத்துது, 2012ல அப்பீல்ல அத ஆயுள் தண்டனையா ஏத்துனாங்க, 2020 செப்டம்பர்ல தண்டனைல இருக்கும்போதே டூச் செத்தான். கோர்ட்ல மன்னிப்பு கேட்டவன் விசாரண முடியற நேரத்துல என்ன விட்டுடுங்கன்னும் கேட்டான், அது எத்தன பேருக்கு மறுபடி வலிச்சிருக்கும்.

அவன் மனந்திரும்புனது நெஜமா இல்லையான்னு எனக்கு தீர்ப்பு சொல்ல தெரியாது. ஒண்ணு மட்டும் எனக்கு தெளிவு. அந்த பாஸ்டர் மன்னிச்சாருங்கறதுக்காக யாய் மன்னிச்சே ஆகணும்னு சொல்ல யாருக்கும் உரிமை கெடையாது. மன்னிப்ப பாதிக்கப்பட்டவங்க மேல கடனா சுமத்தற பிரசங்கம்தான் உனக்கு எரிச்சல் தருதுன்னா அந்த எரிச்சல் சரியானதுதான் தம்பி.

மிஷனரி_மகள்

டீச்சர் அக்கா சொன்னதோட ஒண்ணு சேக்கறேன். பரலோகத்துல அவன் யாய் பக்கத்துல போய் உக்காரணும்னா அதுக்கு முன்னாடி உண்மை முழுசா வெளிச்சத்துக்கு வரணும், ஒரு முகம் விடாம. நியாயத்தீர்ப்பு இல்லாத கிருபைய வேதம் எங்கயும் சொல்லல. எனக்கு உயிர்த்தெழுதல் முக்கியமா படறதே அதனாலதான், அந்த சுவத்துல நம்பரோட இருக்கற குழந்தைங்க பேசற நாள் ஒண்ணு வரும்.

தாம்பரம்_தம்பி

இத இப்படி எனக்கு யாரும் சொன்னதில்ல அக்கா. எரிச்சல் சரிதான்னு சர்ச் ஆள் ஒருத்தர் சொல்லி இப்போதான் கேக்கறேன். யோசிக்கணும். அந்த சங்கீதத்த படிக்கறேன்.

வேப்பேரி_பெரியம்மா

தம்பி, கோவத்தோடயே படிப்பா. சங்கீதக்காரன் அப்படித்தான் எழுதியிருக்கான்.

கே.கே.நகர்வாசி

நான் கேட்ட கேள்விக்கு நல்ல பதில் கெடச்சுது, நன்றி சிஸ்டர். என் காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தன் குடும்பத்தோட கம்போடியாலதான் இருக்கான், சீம் ரீப் பக்கம். வா வான்னு கூப்பிடறான், நான்தான் சாக்கு சொல்லிட்டே இருக்கேன். போறதா இருந்தா என்ன பாத்துக்கணும், விசா, காசு, என்ன எடுத்துட்டு போகலாம், எல்லாம் கொஞ்சம் சொல்லுங்க.

பெரம்பூர்_டீச்சர்

போங்க பிரதர், கண்டிப்பா போங்க. டூரிஸ்ட் விசா ஆன்லைன்லயே இ-விசா எடுத்துடலாம், ஒரு மாசத்துக்கு குடுப்பாங்க, கட்டணத்த கவர்மென்ட் சைட்ல மட்டும் பாருங்க, அதே மாதிரி பேர்ல ஏஜென்ட் சைட் நிறைய இருக்கு, கூட காசு வாங்கிடுவாங்க. சென்னைல இருந்து பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர்னு எங்கயாவது மாறி போகணும். டாலரும் செல்லும், அவங்க ரியலும் செல்லும், ஒரு டாலருக்கு 4000 ரியல் கிட்ட வரும். ஆனா டாலர் நோட்டு லேசா கிழிஞ்சிருந்தாலும், பேனா கோடு இருந்தாலும் வாங்க மாட்டாங்க, இங்க மாத்தும்போதே ஒவ்வொண்ணா பாத்து வாங்குங்க.

உங்க இஷ்டத்துக்கு பெட்டிய நெரப்பாதீங்க, அவங்க வீட்டம்மாகிட்ட என்ன வேணும்னு கேளுங்க. அக்கா என்கிட்ட கேட்டது சாம்பார் பொடி, பெருங்காயம், ரெண்டு காட்டன் நைட்டி, பாப்பாவுக்கு அஞ்சாங்கிளாஸ் தமிழ் புக். விசுவாசிங்கள ஃபோட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஃப்ரெண்டுகிட்ட கேளுங்க, எடுத்தாலும் ஃபேஸ்புக்ல போடாதீங்க. பிரசங்கம் பண்ண சொன்னா முடிஞ்ச வரைக்கும் வேண்டாம்னு சொல்லிடுங்க, அவங்க சபைய கேளுங்க. ஒரு நாளாவது புள்ளைங்கள நீங்க பாத்துக்கிட்டு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரயும் தனியா எங்கயாவது அனுப்பி வைங்க, அண்ணா அக்கா அப்படி ஒரு சாயங்காலம் ஆத்தங்கரைக்கு போயிட்டு வந்தாங்க, கல்யாண நாளுக்கு கூட போனதில்லயாம்.

மிஷனரி_மகள்

அந்த கடைசி விஷயத்த நூறு தடவ சொல்லலாம். அப்புறம் திரும்பி வந்தப்புறம் தொடர்பு விட்டுடாதீங்க பிரதர். வந்து அழுதுட்டு போயிட்டு அப்புறம் ஒரு மெசேஜ் கூட போடாதவங்கதான் எங்க அம்மாவ ரொம்ப நோகடிச்சவங்க.

நெல்லை_டு_அம்பத்தூர்

டீச்சர், யாய் இப்போ எப்படி இருக்காங்க? எங்க வீட்டு ஜெபத்துல அவங்கள வெச்சு ஜெபம் பண்ணனும்னு என் வீட்டம்மா கேக்காங்க.

பெரம்பூர்_டீச்சர்

முட்டி வலி அதிகமாகி இப்போ படி ஏற முடியறதில்லயாம் அண்ணாச்சி, அதுக்காக ஜெபிக்க சொல்லுங்க. அவங்க தங்கச்சி வழி பேத்தி ஒருத்தி கூட இருக்கா, பன்னெண்டாம் க்ளாஸ் பரீட்ச எழுத போறா, அவளையும் சேத்துக்கோங்க. புதன்கெழம ஜெபத்துல என் தம்பி பேர இன்னும் சொல்றாங்கன்னு அக்கா போன வாரம் வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. நான் இங்க பெரம்பூர்ல அதே நேரத்துல யாய் வீட்டாளுங்க பேர சொல்றேன், அங்க நம்மள விட ஒன்றரை மணி நேரம் முன்னாடி, அதனால எனக்கு சாயங்காலம் அஞ்சரைக்கு ஆரம்பிக்கும். பெரியம்மா, உங்க வீட்டுக்காரர் பேர எனக்கு தனியா அனுப்புங்க, அக்காகிட்ட குடுக்கறேன். வேற யாராவது சேரணும்னாலும் சொல்லுங்க, பேர் எழுதி வெச்சுக்கறேன்.

வேப்பேரி_பெரியம்மா

அனுப்பிட்டேன் கண்ணு. புதன் அஞ்சரைக்கு நானும் உக்காருவேன்.